‘நாளைக்கு வேண்டாம்’ என்று ஒரு பட்டன்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். அந்த இரண்டு நாளும் மகராஜநகரில் இருக்கும் ஒரு சின்னச் சமையல்கூடத்தில் கரண்ட் இல்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை, டெலிவரிப் பையன்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் அவர்களுடைய வெப்சைட் மட்டும் ஜோராக ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள், ஊரில் அம்மா போன் எடுக்கவில்லையே என்ற பதற்றத்தில், சாப்பாடாவது போய்ச் சேரட்டும் என்று பணம் கட்டியிருக்கிறார்கள். ஒரு டப்பா கூடப் போகவில்லை. எல்லாருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பி, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு முடிக்கப் பொங்கல் வந்துவிட்டது.

பொங்கல் கழித்து, அந்தச் சமையல்கூடத்தை நடத்துகிற அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கடையச் சாத்துனா சைட்டையும் சாத்தணும்லா? அது பாட்டுக்குத் தொறந்து கெடக்கு." முழு வேலைக்கும் எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

அக்கா பல வருஷம் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்தவர். சுகர்காரர்கள், ஜிம்முக்குப் போகிற பையன்கள், தனியாக இருக்கிற பெரியவர்கள் என்று வாரத்தில் ஆறு நாள் மதியச் சாப்பாடு அளந்து போட்டு அனுப்புகிறார். அண்ணாச்சி, அதாவது அவருடைய வீட்டுக்காரர், மார்க்கெட், கணக்கு, டெலிவரி. நான் பெருமாள்புரத்தில் வீட்டில் இருந்தே வெப்சைட் வேலை செய்கிறவன். கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி, பாத்திரக்கடை என்று செய்திருந்தாலும் தினசரிச் சாப்பாட்டுக்குச் செய்தது அதுதான் முதல் தடவை.

பழைய சைட்டைத் திறந்ததும் ஒரு வீடியோ ஓடும். அவகேடோவை யாரோ அழகாக வெட்டுவார்கள். அக்காவின் சமையல்கூடத்துக்குள் அவகேடோ நுழைந்ததே இல்லை. முகப்புப் பக்கம் மட்டும் 9 எம்பி, சிக்னல் சுமாராக இருக்கிற இடத்தில் திறப்பதற்குள் பசியே போய்விடும். மெனுவில் ‘ஆன்சியன்ட் கிரெயின் பவுல்’ என்று ஒன்று இருந்தது. என்ன என்று கேட்டால் குதிரைவாலிக் கூட்டாஞ்சோறு! நம் வீடுகளில் முருங்கைக்கீரையும் பருப்பும் காயும் போட்டுக் கிண்டுகிற அதே கூட்டாஞ்சோறுதான், அரிசிக்குப் பதில் குதிரைவாலி. வாடிக்கையாளர் ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார், அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "மருந்துக்கடைப் பேரு மாதிரில்லா இருக்கு" என்றார்.

சைட்டை உடனே அழகுபடுத்த எனக்குக் கை அரித்தது. நல்லவேளை, அக்கா அட்வான்ஸ் தரத் தாமதமானதால் ஒரு வாரம் சும்மா போய்ச் சமையல்கூடத்தில் உட்கார்ந்தேன். போன் மணி அடிக்கும்போதெல்லாம் எதற்கு என்று நோட்டில் ஒரு கோடு. சாயங்காலம் ஆனால் போன் ஓயாது. ‘இன்னைக்கு என்ன மெனு’ என்று சிலர், ‘பணம் போயிட்டு, ஆர்டர் வரலை’ என்று சிலர். மீதி, பாதிக்கும் மேல், ஒரே விஷயம்: நாளைக்கு வேண்டாம். மகள் வந்திருக்கா, நாளைக்கு வேண்டாம். கல்யாண வீடு, நாளைக்கு வேண்டாம். அமாவாசை, நாளைக்கு வேண்டாம். பழைய சைட்டில் மாதப் பணம் கட்ட வழி இருந்தது, ஒரு நாளை நிறுத்த வழி இல்லை. அக்கா இடது தோளில் போனை இடுக்கிக்கொண்டு, சுவரில் தொங்கும் காலண்டரின் பின்பக்கத்தில் பெயர் பெயராக எழுதிக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்தத் தாளில் சாம்பார் கொட்டி நாலு பெயர் அழிந்தே போய்விட்டது. அந்த நாலு பேருக்கும் மறுநாள் சாப்பாடு போனது, நாலு பேரும் சண்டைக்கு வந்தார்கள்.

அதற்கப்புறம்தான் வரைய உட்கார்ந்தேன். தேதியைத் தொட்டால் நிறுத்தலாம், நிறுத்திய நாளுக்குப் பணம் அடுத்த மாதத்தில் கழியும் என்று ஒரு பெரிய நாட்காட்டி போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணாச்சி அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எங்கன போட்டிருக்க?" என்றார். பிறகு அவர் கல்லூரியில் படித்தபோது சாப்பிட்ட மெஸ் கதையைச் சொன்னார். மாத ஆரம்பத்தில் டோக்கன் வாங்கிக்கொள்வது. சாப்பிட்டால் ஒன்று கிழியும், ஊருக்குப் போனால் டோக்கன் பையிலேயே இருக்கும். கணக்குக் கேட்கவே வேண்டாம், எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாட்காட்டியை அன்றைக்கே தூக்கிப் போட்டேன். சந்தா என்ற வார்த்தையையும். 6, 12, 24 டோக்கன், வேறு ஒன்றும் இல்லை. மேலே பெரிதாக ‘உங்களிடம் 9 டோக்கன் இருக்கிறது’, அதற்குக் கீழே நாளைய சாப்பாடு என்ன என்று ஒரு படம், அதற்கும் கீழே ஒரே பட்டன்: நாளைக்கு வேண்டாம். மாதாமாதம் அக்கவுண்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கிற ஆட்டோபே வசதியையும் கழற்றிவிட்டோம். பெரியவர்களுக்கு அதைப் பார்த்தாலே பயம், நியாயமான பயம்தான்.

எத்தனை மணி வரை நிறுத்தலாம் என்பதில் பெரிய இழுபறி. அக்கா சாயங்காலம் ஆறு மணி என்றார், தானியம் ஊறப்போட வேண்டும். வாடிக்கையாளர்கள் ராத்திரி பத்து மணிக்குத்தான் நாளையைப் பற்றியே யோசிக்கிறார்கள். அண்ணாச்சி விடியக்காலை நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது கையில் எண்ணிக்கை இருந்தால் போதும் என்றார். எட்டரை மணி என்று முடிவானது. எட்டரைக்குச் சைட்டின் சர்வர் ஒரு தாள் தயார் செய்யும்: மொத்தம் எத்தனை, அதில் உப்புக் குறைவு எத்தனை, தேங்காய் வேண்டாம் எத்தனை, பூண்டு வெங்காயம் இல்லாமல் எத்தனை. சமைக்கிற அக்காமார் இருவரும் அந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள். எழுத்தை மூன்று தடவை பெரிதாக்கினேன், ஏனென்றால் அதைப் படிப்பது அடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று, கண்ணாடி இல்லாமல். புரட்டாசியில் ‘சைவமாக மாற்று’ என்று ஒரு தட்டலில் மாதம் முழுக்க மாறிக்கொள்ளவும் வழி வைத்தோம். அது அக்காவின் யோசனை.

பணம் போய் ஆர்டர் வராத விஷயத்துக்கு வருகிறேன். காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. நம் ஆட்கள் யுபிஐயில் கட்டுகிறார்கள். சைட்டிலிருந்து ஜிபேக்குத் தாவி, பின் போட்டு, டிக் மார்க் வந்ததும் போனைச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார்கள். பிரவுசருக்குத் திரும்பி வருவதே இல்லை. பழைய சைட்டோ, ‘நன்றி’ பக்கம் திறந்தால்தான் ஆர்டரைப் பதிவு செய்யும். பணம் வந்துவிட்டது என்று கட்டண நிறுவனத்தின் சர்வர் நம் சர்வருக்கு நேராகச் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு, வெப்ஹூக் என்பார்கள். அதைப் பொருத்தியதும் அந்தப் புகார் நின்றது. புதிய புகார் வந்தது, அது என் தப்பு. அந்தச் செய்தி சில சமயம் இரண்டு தடவை வரும், அதில் இருக்கிற பணப்பரிமாற்ற எண் ஏற்கெனவே வந்ததா என்று பார்த்துத்தான் பதிய வேண்டும். நான் பார்க்கவில்லை. 12 டோக்கன் வாங்கிய ஒருவர் கணக்கில் 24 ஏறிவிட்டது. அவரே போன் செய்து சொன்னார். சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று அண்ணாச்சி இன்றைக்கும் கேட்பார்.

டெலிவரி இடமும் ஒரு தலைவலி. பழைய சைட் பின்கோடு கேட்டது. ஒரே பின்கோடுக்குள் பக்கத்துத் தெருவும் இருக்கும், பைக் போகவே முடியாத தூரத்து இடமும் இருக்கும். பின்கோடைத் தூக்கிவிட்டு, சமாதானபுரம், முருகன்குறிச்சி, ஹைகிரவுண்ட், வண்ணார்பேட்டை என்று ஊர் ஆட்கள் சொல்கிற பெயர்களையே வரிசையாகப் போட்டோம். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக மூடுகிற சுவிட்ச் அக்காவின் போனில் இருக்கிறது. ஆனித் தேரோட்டம் அன்றைக்கு டவுனுக்குள் பைக் போக வழி இல்லை, டவுனை மட்டும் மூடினால் போதும். மழை என்றால் எல்லாவற்றையும் மூட ஒரு சிவப்புச் சுவிட்ச். ஆரம்பத்தில் அக்கா கேட்டதே இதைத்தான். செய்ய ஒரு மத்தியானம்தான் ஆனது.

கலோரியில் மாட்டிக்கொண்டதைச் சொல்லாமல் விட முடியாது. பழைய சைட்டில் 200 கிராம் வரகுச்சோறு 700 கலோரி என்று இருந்தது. அதைத் தட்டில் பார்த்தால் ஒரு கிண்ணம்தான். அக்கா பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். சமைக்காத தானியத்துக்கான அட்டவணையை யாரோ அப்படியே போட்டிருக்கிறார்கள். சமைக்காத அரிசி 100 கிராமில் கிட்டத்தட்ட 350 கலோரி. வேகும்போது தண்ணீர் குடித்து எடை இரண்டரை, மூன்று மடங்காகிவிடும், அதனால் 100 கிராம் சோற்றில் 130 வாக்கில்தான் இருக்கும். வரகுக்கும் கணக்கு அதே மாதிரிதான். கோழிக்கு நேர் எதிர், வேகும்போது தண்ணீர் விட்டு எடை குறையும். ஒரு வாரம் முழுக்கத் தராசை வைத்துக்கொண்டு உலையில் போடும் முன்னும் இறக்கிய பின்னும் நிறுத்தோம். சாப்பாட்டுக்கு இத்தனை புரோட்டீன் என்று கேட்கிற ஜிம் பையன்கள்தான் இந்தப் பக்கத்தை அதிகம் பார்க்கிறார்கள்.

முகப்பில் ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும் சிறுதானியம்’ என்று வேறு இருந்தது. உணவு ஒரு நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது, 2018இல் வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ விதி, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது. எடுத்துவிட்டு அந்த இடத்தில் 14 இலக்க உரிம எண்ணைப் போட்டோம்.

படங்கள் எல்லாம் என் போனில் எடுத்தவை. காலை பத்தரை மணிக்குச் சமையல்கூடத்தின் கிழக்கு ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழும், அந்த அரைமணி நேரத்தில் அன்றன்றைய டப்பாவை எடுப்பேன். புடலங்காய்க் கூட்டு எப்படி எடுத்தாலும் அழகாக விழாது. கறுப்பு உளுந்துச் சோறு, பக்கத்தில் எள்ளுத் துவையல்: கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு. கடைசியில் ஓரத்தில் ஒரு சுட்ட அப்பளம் வைத்து ஒப்பேற்றினேன். அப்பளம் மெனுவில் இல்லையே என்று நாலு பேர் கேட்டதும், அக்கா மெனுவிலேயே சேர்த்துவிட்டார்.

வாத்தியாரிடம் போனைக் கொடுத்துச் சோதித்த நாள்தான் எனக்கு நல்ல பாடம். அவர் போனில் எழுத்து அளவை மிகப் பெரிதாக வைத்திருக்கிறார். நான் ‘கூடையில் சேர்க்கவும்’ என்று போட்டிருந்த பட்டன் மூன்று வரியாக மடங்கி, கடைசி வரி திரைக்குக் கீழே போய்விட்டது. தமிழ் வார்த்தை நீளம் என்பது தெரிந்தும் என் கண்ணுக்கு ஏற்ற அளவில்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "கூடை எதுக்குடே? நான் என்ன சந்தைக்கா வந்திருக்கேன்?" என்றார். பட்டன் ‘வேணும்’ என்று ஆனது. ‘வேணும்’, ‘வேண்டாம்’, இந்த இரண்டு வார்த்தையில் சைட்டின் முக்கால் பங்கு முடிந்துவிட்டது.

பணம் கட்டுகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் ஒருவர் என்பதையும் பழைய சைட் யோசிக்கவில்லை. மகன் சென்னையில் இருந்து டோக்கன் வாங்குகிறார், அம்மா பெருமாள்புரத்தில் சாப்பிடுகிறார். இப்போது அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு லிங்க் போகும். பாஸ்வேர்டு கிடையாது, திறந்தால் நேராக அந்தப் பட்டன்.

எல்லாம் முடிந்து வெளியிடலாம் என்றால் டொமைன் பெயர், அதாவது சைட்டின் முகவரி, எங்கள் கையில் இல்லை. பழைய சைட் செய்தவர் தன் ஈமெயிலில் பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கிற பணம் மட்டும் வருஷாவருஷம் அக்கா கட்டியிருக்கிறார். அதைக் கேட்டு வாங்க மூன்று வாரம், இடையில் அண்ணாச்சி நேரில் போய் இரண்டு தடவை காப்பி குடித்துவிட்டு வந்தார். இப்போது நான் யாருக்கு வேலை செய்தாலும் முதல் நாள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: டொமைன் யார் பெயரில் இருக்கிறது? சைட்டை ஓட்டுகிற வேர்ட்பிரஸ், ஆர்டர் எடுக்கிற வூகாமர்ஸ் என்ற இரண்டு மென்பொருளும் பழையதேதான், மாற்றவில்லை. அவற்றோடு ஒட்டவைக்கிற சின்னச் சின்ன மென்பொருள்கள், பிளக்இன் என்பார்கள், 31 இருந்ததை 11 ஆகக் குறைத்தேன்.

வெளியிட்ட பிறகு சாயங்கால போன் அழைப்புகள் நன்றாகவே குறைந்தன. போன வாரம் சமையல்கூடத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி எட்டே முக்கால் மணிக்குப் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார், பெருமாள்புரத்து அம்மா ஒருவர்.

"எம்மா, நாளைக்கு வேண்டாம்னு பட்டனை அமுக்கிட்டேன். உனக்கு வந்துட்டான்னு பாரு."

அக்கா தாளைப் பார்த்து, "வந்துட்டும்மா" என்றார்.

"சரி, அப்ப வைக்கேன்."