வெந்நீர்க் குழாய் ஓடும் தரையில் தடுப்புச் சுவர்

கனடா வீடுகளில் பேஸ்மென்ட்டைத் தடுத்து அறையாக்கும்போது, அடிச்சட்டத்தைத் தரையில் வைத்ததும் கை தானாக ட்ரில்லுக்குப் போகும். கான்கிரீட்டுக்குள் தரையைச் சூடாக்க வெந்நீர் ஓடும் பெக்ஸ் (பிளாஸ்டிக்) குழாய் இருந்தால், ட்ரில்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வரைபடத்தில் குழாய் தளத்தின் நடுவிலோ அடியிலோ இருக்கும். ஆனால் கான்கிரீட் கொட்டும்போது குழாயின் கட்டு அவிழ்ந்த இடத்தில் அது மிதந்து மேலே வந்திருக்கலாம்.

சுமை தாங்காத சுவர்தானே? மேல்சட்டத்தை ஜாயிஸ்ட்டில் (மேல்தளத்தைத் தாங்கும் மரத்தில்) திருகி, ஓரங்களைப் பக்கச் சுவர்களில் பிடித்துவிட்டால், கீழே நகராமல் இருந்தாலே போதும். அதற்குப் பாலியூரித்தேன் பசை தாராளம். தரையில் பெயின்ட், சீலர், தூசி இருந்தால் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் பசை அந்தப் படலத்தைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. உளுக்காமலிருக்க மருந்தேற்றி, இன்னும் காயாத மரத்திலும் சரியாக ஒட்டாமல் போகலாம். சட்டத்துக்கு அடியில் நுரைப்பட்டை போட்டால் பசைக்கு வேலையே இல்லை, இரண்டில் ஒன்றுதான். ஒட்டும்போது ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, பசை இறுகிய பிறகு போடுங்கள்.

பசை மட்டும் போதாத இடம் கதவு நிலையின் இரு பக்கமும். கதவை அறைந்து சாத்தும் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் நுனி உதறும். அங்கே மட்டும் ஸ்க்ரூ.

அதற்கு முன் குழாயைத் தேட வேண்டும். தரை ஆறிக் கிடக்கும்போது ஹீட்டிங்கைப் போட்டு, வெப்பக் கேமராவில் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கோடுகள் தெரியும். தாமதித்தால் சூடு பரவி எல்லாம் ஒன்றாகிவிடும், அதனால் தெரிந்த உடனே சாக்பீஸால் வரைந்துவிடுங்கள். கேமரா இல்லையென்றால் தரையை நனைத்துவிடுங்கள். குழாய் போகும் பாதை முதலில் காயும். ஆழத்தை இரண்டுமே சொல்லாது. ஆகவே கோட்டிலிருந்து இருபுறமும் 2 அங்குலமாவது விலகியே துளையிடுங்கள்.

ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு 3/16 அங்குலக் கான்கிரீட் ஸ்க்ரூ, நீளம் 2¾. கான்கிரீட்டுக்குள் 1¼ இறங்கும். துளை அதைவிடக் கால் அங்குலம் ஆழம் வேண்டும், எனவே பிட்டின் நுனியிலிருந்து 3 அங்குலத்தில் டேப் சுற்றிக்கொண்டு, டேப் சட்டத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். குழாயில் அழுத்தம் இருக்கட்டும், மானிஃபோல்ட்டில் (குழாய்கள் வந்து சேரும் இடத்தில்) உள்ள அழுத்தமானியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முள் இறங்கினால் அன்றே உடைத்து, வெட்டி, இணைப்பு போட்டுவிடலாம்.

தோட்டா ஆணி (வெடிமருந்து விசையில் கான்கிரீட்டுக்குள் அடிக்கும் ஆணி) மட்டும் வேண்டவே வேண்டாம். அது எவ்வளவு இறங்கும் என்பது உங்கள் கையில் இல்லை. குழாயைத் துளைத்த ஆணியே சில நேரம் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். கசிவு தெரியவரும்போது டைல்ஸ் ஒட்டியாகிவிட்டிருக்கும்.