கினே என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் 12 அமர்வுகள்

கோயில் சுதை வேலையும் வண்ண வேலையும்தான் எனக்குத் தொழில். சொந்த ஊர் புதுச்சேரி பக்கம் வில்லியனூர். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. சேந்த்-ஆந்த்ரே பக்கம் ஒரு கோயிலில் திருப்பணி நடந்தபோது, மகாமண்டபத்து விதானத்தில் 64 இதழ்த் தாமரைக்கு வண்ணம் தீட்டும் வேலை எனக்கு வந்தது. சாரத்தில் நின்று அண்ணாந்தபடியே ஐந்து வாரம் போயிற்று. ஆறாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்தால் தலையை வலப்பக்கம் திருப்ப முடியவில்லை. தோள்பட்டை எலும்புக்குள்ளே கம்பியை விட்டு முறுக்குவது போல் வலி. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சிலைகளுக்குக் கண் திறக்கும் வேலை முழுதும் பாக்கி.

வீட்டில் தெரிந்ததை எல்லாம் செய்தோம். மனைவி நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவினாள்; கல்லுப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். ஊரில் என்றால் சுளுக்கு எடுப்பவரிடம் போயிருப்பேன். காலால் பிறந்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். இல்லாவிட்டால் சலூன். முடி வெட்டி முடித்ததும் தாடையையும் பின்மண்டையையும் பிடித்து ‘சடக்’ என்று ஒரு திருப்பு. அந்தச் சத்தம் கேட்டாலே வலி போய்விட்ட மாதிரி இருக்கும். என்னோடு வேலை செய்யும் கும்பகோணத்துத் தம்பி, “அண்ணே, நான் நெட்டி எடுத்து விடட்டுமா?” என்று கேட்டான். வலி தாங்காமல் சரி என்று சொல்லியிருப்பேன். மனைவி விடவில்லை. அதற்கு இன்றும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட்டை இங்கே எல்லோரும் கினே என்போம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் கட்டணத்தில் 60 சதவீதத்தை அரசுக் காப்பீடு தருகிறது. மீதியைத் துணைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். அமர்வுக்கு 1 யூரோ பிடித்தம் உண்டு, அவ்வளவுதான். அதனால் முதலில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். அவர் கழுத்தைத் தொடுவதற்கு முன் நிறையக் கேள்வி கேட்டார். கை மரத்துப் போகிறதா, தூரிகை கை நழுவி விழுகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, சிறுநீர் போவதில் சிக்கல் உண்டா, காய்ச்சல், தலைசுற்றல், பொருள் இரண்டாகத் தெரிவது ஏதாவது? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். தலையைச் சாய்த்து மேலிருந்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். கைக்கு வலி இறங்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கலாமா என்று நான்தான் கேட்டேன். இப்போது வேண்டாம், உங்கள் வயதில் வலியே இல்லாதவர் கழுத்திலும் எலும்புத் தேய்மானம் தெரியும், அதைப் பார்த்துவிட்டுப் பயம்தான் மிஞ்சும் என்றார். 12 அமர்வுக்கு எழுதிக் கொடுத்தார்.

முதலில் இடம் கிடைத்த கிளினிக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குப்புறப் படுக்க வைத்து, சூட்டு விளக்கைத் திருப்பி, முதுகில் மின்சாரப் பட்டைகளை ஒட்டிவிட்டு, கினே பக்கத்து அறைக்குப் போய்விட்டார். 20 நிமிடம் கழித்து வந்து பட்டைகளைப் பிடுங்கினார். அவர் கை என் கழுத்தில் படவே இல்லை. இரண்டு அமர்வு இப்படியே போனதும் எனக்கு மனம் ஆறவில்லை. டாக்டரிடம் சொன்னேன், கினேயை மாற்றிக்கொள்வது நம் உரிமை என்றார்.

இரண்டாவது கினே, இந்தத் தீவுக்காரரான இளம் வயதுக் கிரெயோல் பெண். மதாம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தோளை அசைக்காமல் வலப்பக்கம் திரும்பச் சொன்னார். சன்னலுக்கு வெளியே ஒரு லெச்சி (லிச்சிப் பழ) மரம். அதன் கிளை நுனிதான் தெரிந்தது. அடிமரம் தெரியும் வரைக்கும் கொண்டுபோகலாம் என்றார். பிறகு நான் எப்படி வேலை செய்கிறேன் என்று செய்து காட்டச் சொன்னார். அறை நடுவில் நின்று தூரிகை பிடித்த மாதிரி அண்ணாந்து காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “உங்கள் மேல்முதுகு வளையவே இல்லை, எல்லாவற்றையும் கழுத்தே செய்கிறது” என்றார்.

கை வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டிலில் முகம் வைக்க ஓட்டை இருக்கும். குனிந்தால் கழுத்தடியில் துருத்தி நிற்கும் ஏழாவது எலும்பை விரலால் தொட்டு, அங்கிருந்து ஒவ்வொரு கணுவாக மேலே போனார். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, கணுவின் வலது ஓரத்தில் மெதுவாகத் தள்ளித் தள்ளி விடுவார். நான் கரணையால் சுதையைத் தொட்டுப் பார்த்து, இறுகிவிட்டதா, இன்னும் இளகலாக இருக்கிறதா என்று சொல்பவன். அந்த விரலும் அதையேதான் செய்கிறது என்று படுத்தபடியே புரிந்தது. ஐந்தாவது கணுவருகில் வந்ததும், “இதோ, இது அசைய மாட்டேன் என்கிறது” என்றார். நான் வலி என்று சொல்வதற்கு முன்பே.

தள்ளுவதிலும் படி உண்டாம். மெயிட்லண்ட் என்ற ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் வகுத்தது. முதல் இரண்டு படியில், மூட்டு எதிர்ப்புக் காட்டும் இடத்துக்குப் போகாமலே அசைப்பது, வலியைத் தணிக்க. மூன்றும் நான்கும் எல்லை வரை போவது; இறுக்கத்தைத் தளர்த்த. எனக்கு முதல் வாரம் கீழ்ப் படிகள்தான். அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து, பின்மண்டை எலும்புக்குக் கீழே எட்டு விரல் நுனியையும் நிறுத்தி, என் தலையின் கனத்தை அதன் மேல் விட்டுவிடச் சொன்னார். தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அதை இன்னொருவர் கையில் விடுவது எனக்கு லேசாக வரவில்லை. மூன்று நிமிடம் கழித்துத் தசை தானாக நெகிழ்ந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. தோள்பட்டை எலும்பின் உள்மூலையில் கடலைக்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. அதை அழுத்தினால் வலி காதுக்குப் பின்னால் வரை ஏறும். கடைசியில் உள்ளங்கையால் மேல்முதுகையும் அசைத்து விடுவார். கழுத்து வலிக்கு முதுகைத் தொடுகிறாரே என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தால் கழுத்துதான் லேசாக இருந்தது.

ஐந்தாவது படிதான் திடீர்த் தள்ளல், நம் ஊர் ‘சடக்’. அதைச் செய்வீர்களா என்று கேட்டேன். கழுத்தில் செய்ய மாட்டேன் என்றார். கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக இரண்டு ரத்தக் குழாய்கள் பின்மூளைக்கு ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம்; அபூர்வம்தான், ஆனால் வந்தால் மீட்பது கடினம். எலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்யும் ஆஸ்டியோபதிக்காரர்கள் கழுத்தைத் திருப்புவதாக இருந்தால்கூட டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்று 2007-லேயே பிரெஞ்சு அரசாணை வந்துவிட்டது. சலூன் நாற்காலியில் எத்தனை தடவை தலையைக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது.

மதாமிடம் முதல் அமர்வு முடிந்த மாலை தலை நன்றாகத் திரும்பியது. மறுநாள் மதியம் பழைய இறுக்கம் திரும்பி வந்தது. மனம் உடைந்துதான் போனேன். மதாம் அதை முன்பே எதிர்பார்த்தவர் போலச் சொன்னார்: என் கை கொடுப்பது ஒரு நாள், இரண்டு நாள், அந்த நேரத்துக்குள் நீங்கள் பயிற்சி செய்தால்தான் தங்கும். கழுத்தடியில் காற்றுப் பையை வைத்து, அதன் அழுத்தமானி முள்ளை 20-ல் நிறுத்தி, சின்னதாக ‘ஆமாம்’ சொல்வது போல் தாடையை உள்ளிழுத்து 30 வரை ஏற்றச் சொன்னார். 24-க்கு மேல் என்னால் பிடிக்க முடியவில்லை. வெளித் தசைகள் முரடாக இருந்தாலும் உள்ளே எலும்போடு ஒட்டிய தசைகள் களைத்துக் கிடந்தன. தினம் காலையும் மாலையும் அதைச் செய்தேன். இன்னொன்று துண்டுப் பயிற்சி: துண்டின் கரையை இறுகின கணுவில் கொடுத்து, ஒரு முனையைக் கீழே பிடித்துக்கொண்டு, மறு முனையைக் கன்னத்தின் வழியே இழுத்தபடி அந்தப் பக்கமே திரும்புவது. வலிக்காத அளவுக்குத்தான். எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

வாரம் இரண்டு என்று நடந்தது. நான்காவது அமர்வுக்குப் பின் ஒரு நாள் முழுக்க அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, அப்புறம் தணிந்தது. எட்டாவதில் லெச்சி மரத்தின் அடிமரம் தெரிந்தது. காற்றுப் பை முள் 28-க்கு வந்தது.

சாரத்தையும் மாற்றினேன். பலகையை இரண்டடி உயர்த்தி, சாய்வாக ஒரு படுக்கைப் பலகை கட்டி, அதில் முதுகைக் கொடுத்துக்கொண்டு மீதி இதழ்களைத் தீட்டினேன். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இறங்கிவிடுவேன். வேலை நாலு நாள் தள்ளிப்போனது. கண் திறப்பை என் கையாலேயே முடித்தேன்.

போன வாரம் கும்பகோணத்துத் தம்பி சாரத்திலிருந்து இறங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்களாவது ஒரு நெட்டி எடுத்து விடுங்களேன்” என்றான். கை மரத்துப் போகிறதா என்று முதலில் கேட்டேன். இல்லை என்றான். மதாமின் கிளினிக் எங்கே இருக்கிறது என்று சொல்லி, டாக்டர் சீட்டுக்கு நாளைக் காலையில் நானே கூட்டிப் போகிறேன் என்றேன். சாரத்துக் கம்பில் தொங்கிய என் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டேன்.