மூடியைத் திறந்தால்

14 அக்டோபர் 2025, செவ்வாய்
விண்டோஸ் 10-க்கான ஆதரவு இன்றோடு முடிகிறது. ஏழாம் தலைமுறைச் செயலி கொண்ட இந்த மடிக்கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது என்பது வெகு நாட்களாகத் தெரிந்திருந்தும், மருத்துவமனையில் அம்மாவை அறைக்கு மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் பென் டிரைவைச் செருகினேன். விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22.2, அந்த ஒரு மணி நேரம் முடிவதற்குள் மடிக்கணினியில் ஏறிவிட்டது. மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அங்கே போய்த் திறந்தபோது திரை கறுப்பாக இருந்தது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

15 அக்டோபர், புதன்
பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் எழுப்ப முடிகிறது. இன்று மூன்று முறை.

17 அக்டோபர், வெள்ளி
ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டு நிரலில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டேன். விரல்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகள்தான் லிப்ரே ஆபிஸில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் திறந்தன. பழைய வட்டுப் பகுதியிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்து, என் கணக்கின் எழுத்துருக் கோப்புறையில் போட்டதும் அத்தனையும் தமிழாகிவிட்டன. பக்கத்துக்கு இரண்டு வரி தள்ளிப்போவதை மெய்ப்புத் திருத்துபவர் கவனிக்காமலிருக்க வேண்டும்.

மூடியை மூடப் பயமாக இருக்கிறது. திறந்தே வைத்தால் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழுகிறது.

19 அக்டோபர், ஞாயிறு
விளையாட்டுகள் எல்லாம் விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) வட்டில் இருக்கின்றன. விளையாட்டுகளை வாங்கி ஓட்ட உதவும் ஸ்டீம் அவற்றைக் கண்டுகொள்கிறது, ஆனால் பலவற்றில் தொடங்கும் பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் புரோட்டான், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறு போலி விண்டோஸை அமைத்து, அதில் முக்காற்புள்ளியுடன் கூடிய பெயரில் 'சி' வட்டுக்கான இணைப்பை உருவாக்குகிறது. அத்தகைய பெயரை விண்டோஸ் ஏற்காது என்பதால் அந்த வட்டில் சிக்கல் வருகிறது. அந்தப் போலி விண்டோஸ்கள் இருக்கும் கோப்புறையை மட்டும் லினக்ஸ் பகுதிக்கு மாற்றியதும் ஓடத் தொடங்கின. விண்டோஸின் வரைகலைக் கட்டளைகளான டைரக்ட்3டி, நடுவில் லினக்ஸிலும் இயங்கும் வல்கனாக மாற்றப்படுகின்றன என்பதை விளையாடும்போது உணரவே முடியவில்லை. தம்பி விரும்பும் துப்பாக்கிச் சண்டை மட்டும் ஓடாது: அதில் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல், விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் அமர வேண்டுமென்று கேட்கிறது. அப்படிக் கேட்பதற்கு நான் இடம் தர வேண்டியதில்லை என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். தம்பியிடம் வேறு மாதிரி சொன்னேன்.

20 அக்டோபர், திங்கள்
தீபாவளி. வெடிச் சத்தத்தில் அம்மா கண் மூடவில்லை. நானும் மடிக்கணினியை மூடவில்லை.

22 அக்டோபர், புதன்
அம்மாவின் அறிக்கை இன்னும் வரவில்லை. இரவு முழுவதும் உறக்கத்தைப் பற்றியே படித்தேன். கணினிக்கு இரண்டு வகை உறக்கம் உண்டு: செயலி சும்மா இருக்கும் மேலோட்டமான உறக்கம் ஒன்று, நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் விட்டுவைத்து ஏறக்குறைய மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடும் ஆழ்ந்த உறக்கம் மற்றொன்று. இரண்டாவதில் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் இருப்பதை முன்கூட்டியே எடுத்துவைக்காவிட்டால், எழும்போது திரையில் காட்டுவதற்கு ஒன்றும் எஞ்சியிருக்காது. அதை எடுத்துவைக்கச் சொல்லும் டிரைவர் அமைப்பை விடியற்காலை மூன்று மணிக்கு இயக்கினேன். பிறகு மூடுவதற்குத் துணிவு வரவில்லை.

23 அக்டோபர், வியாழன்
நான்கு முறை மூடினேன். நான்கு முறையும் எழுந்தது.

26 அக்டோபர், ஞாயிறு
தம்பியுடன் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு. அது லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகிறது, புரோட்டானின் தயவு தேவையில்லை. அதில் இருவரும் படுக்கைக்குப் போனால் அந்த நாள் முடிந்து சேமிக்கப்படும். நான் படுத்துவிட்டேன்; அவன் வயலில் நின்றுகொண்டே, அறிக்கை வந்ததா என்று எழுதினான். பதில் அனுப்பிய பிறகும் நெடுநேரம் அவன் படுக்கைக்குப் போகவில்லை.

28 அக்டோபர், செவ்வாய்
புதிய கர்னல் வந்திருப்பதாக மின்ட்டின் புதுப்பிப்பு மேலாளர் காட்டுகிறது. நாளை ஏழு மணிக்கு அம்மாவை அழைத்துச் செல்வார்கள். அதற்குமுன் நிறுவினால், எழுந்துகொண்டிருக்கும் இது மறுபடி எழாமல் போகலாம். நிறுவாவிட்டாலும் அந்த அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்டில் ஒரு நகல் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். 41 விழுக்காட்டில் நிற்கிறது.