முகத்துவாரம் திறந்திருக்கா?

எண்ணூர்க் குப்பங்களிலிருந்தும், தண்டையார்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி பழவேற்காட்டிலிருந்தும் வடசென்னையில் நாம் படித்த பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு நாள்காட்டியே வேறு. காலாண்டு, அரையாண்டு எல்லாம் நமக்கு. அவர்களுக்கு முகத்துவாரம், அதாவது ஏரியோ ஆறோ கடலில் சேரும் வாய், திறந்திருக்கிற மாதம், மணல் அடைத்த மாதம், அவ்வளவுதான். அடைத்துவிட்டால் வீட்டில் காசு புரளாது, ஃபீஸ் தள்ளிப்போகும். விவரம் தெரிந்த வாத்தியார்கள், "முகத்துவாரம் திறந்திருக்காடா?" என்று கேட்டுவிட்டுத்தான் அதட்டுவார்கள்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் ஏரிக்குள் துடுப்பைவிடக் கழியை ஊன்றித் தள்ளுவதே சுலபம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாற்றிலும் காளங்கியிலும் வெள்ளம் வந்தால், அந்த வேகத்தில் முகத்துவாரம் அகலும். மழைக்காலம் முடிந்து ஆற்றில் வரத்து குறைந்ததும், கடல் கரையோரமாக இழுத்து வரும் மணலைத் தள்ளிவிட ஏரித் தண்ணீருக்குப் பலம் போதாது. வாய் சுருங்கும், கோடையில் அடைத்தும் போகும். இதே மணல் ஓட்டம்தான் சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவை அகலமாக்கியது, வடக்கே ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் அரித்தது. தெற்கே இருப்பவர்களுக்குக் கடற்கரை, வடக்கே நமக்கு அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்.

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். சேற்று நண்டிலும் பெண் நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போயாக வேண்டும். வாய் அடைத்தால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். நஷ்டம் உடனே தெரியாது, அடுத்த பருவத்து வலையில்தான் தெரியும்.

திரும்பிப் போகிற இறாலைப் பிடிக்க நல்ல இடம் வாய்க்கு அருகில். அது எல்லோருக்கும் வேண்டும் என்பதால்தான் பாடு முறை வந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஏரித் தண்ணீர் கடலுக்கு வற்றி இறங்கும் நேரம் பார்த்து, பெரும்பாலும் இரவில், ஓட்டத்துக்கு எதிரே வலை கட்டுவார்கள். சண்டையில்லாத ஏற்பாடு என்று பலரும் புகழ்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தப் பாடு முறையில் இருளர் பழங்குடியினருக்குப் பங்கில்லை. அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையான பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். சிப்பி ஓடு விரலைக் கிழித்தாலும் பறி வாயை விட்டு நழுவாது.

முகத்துவாரத்தைத் தாண்டுவது தனி வித்தை. ஏரித் தண்ணீர் வெளியே வற்றும்போது கடலலை எதிரே வந்தால், அலை குறுகி, செங்குத்தாக எழுந்து உடையும். பழகியவர்கள் உள்ளேயே படகை நிறுத்தி, பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து ஓயும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியில் ஒரே மூச்சில் போய்விடுவார்கள். தயங்கி வேகத்தைக் குறைத்தால் படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை உள்ளே கொட்டும். ஆழம் குறைந்திருந்தால் இன்ஜினின் சுழல்விசிறி மணலில் தட்டி நின்றுபோவதும் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது, "வாங்க சார், ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

ஊருக்கு வரும்போது போகிறவர்களுக்கு: கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. நம்மவர்கள் போனால் டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூணைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1613இல் கோட்டை கட்டியவர்களின் கல்லறை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் காலையில் முதலில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போங்கள், கல்லறை எங்கும் போய்விடாது. பூநாரை பார்க்க ஜனவரிக்கு மேல் நல்லது. மழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் ஆழமாக இருக்கும், பறவை நின்று மேய இடமிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய மீன் குறையும், நாட்டுப்படகு மீனுக்கு விலை ஏறும்.

நண்டு வாங்கினால் உயிரோடு, கால் கட்டியதாக வாங்குங்கள். கடைசிக் காலுக்குப் பக்கத்தில் அடிப்புற ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது பழைய ஓட்டைக் கழற்றிய தண்ணி நண்டு, குழம்பில் வெறும் ஓடுதான் மிஞ்சும். அளவில் சின்னதானாலும் கையில் கனக்கிற நண்டே நல்லது. வாளித் தண்ணீரில் போட்டு எடுத்துவராதீர்கள், மூச்சுமுட்டிச் செத்துவிடும். நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள்வரை தாங்கும். வழியில் செத்துப்போனதைச் சட்டியில் போடாமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.