மூன்று கார்கள் கைநழுவிய நாள்

கார் விற்பனை வேலையில் சேர்ந்த ஏழாவது மாதம், மாதக் கடைசிக்கு இன்னும் நான்கு நாள்களே இருந்த நிலையில், ஒரே நாளில் மூன்று விற்பனைகள் என் கையைவிட்டுப் போயின. எட்டு கார் இலக்கில் மூன்றைத்தான் முடித்திருந்தேன். ஷோரூமைத் திறந்த சிறிது நேரத்திலேயே, முன்பணம் கட்டியிருந்த ஒருவர், வேலை மாற்றலாகிவிட்டதாகச் சொல்லி புக்கிங்கை ரத்து செய்தார். அவருடைய சிவப்பு நிறக் கார், டெலிவரிக்கு முந்தைய சோதனையெல்லாம் முடிந்து, கழுவித் துடைக்கப்பட்டுப் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தது. மதியம் இன்னொருவருடைய கடன் விண்ணப்பத்தை, ஏற்கெனவே உள்ள தவணைகளைக் காரணம் காட்டி வங்கி மறுத்தது; அதை அவரிடம் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மாலையில், நான்கு முறை வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு குடும்பத்தார், வேறு நிறுவனத்தின் காரை வாங்கிவிட்டதாக ஒரு வரிச் செய்தி அனுப்பினார்கள்.

"நாலு தடவை வந்தவங்களையே விட்டுட்டீங்களா?" என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். பெரும்பாலான விற்பனை நிலையங்கள் கார்களைக் கடனில்தான் வாங்கி நிறுத்துகின்றன என்பதும், விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஏறுகிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவு ஆழமாகத் தைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

பயிற்சி வகுப்பில் ஜோ ஜிரார்டைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். 1973-ஆம் ஆண்டில் மட்டும் 1,425 கார்களை விற்று கின்னஸ் சாதனை படைத்த அமெரிக்கர் அவர். நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு கார்கள்! ஒரே நாளில், ஒன்றுகூட விற்காமல் மூன்றை இழந்து நிற்பவனுக்கு அந்தக் கணக்கு தெம்பூட்டாது, எரிச்சலைத்தான் மூட்டும். அவரைப் பற்றி எனக்கு உதவிய செய்தி வேறு: வாடிக்கையாளர்களுக்கு மாதந்தோறும் வாழ்த்து அட்டை அனுப்புவதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். மனநிலை எப்படி இருந்தாலும் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.

அன்று மாலை யாரிடமும் பேசப் பிடிக்காமல், டெஸ்ட் டிரைவ் காரில் போய் உட்கார்ந்தேன். கடைசியாக ஓட்டிய உயரமான ஒருவர் இருக்கையை முழுவதுமாகப் பின்னுக்குத் தள்ளியிருந்ததால், கால் பெடலை எட்டவில்லை. இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, குறிப்பேட்டை எடுத்து, போன மூன்று விற்பனைகளையும் வாடிக்கையாளர் சொன்ன சொற்களோடு அப்படியே எழுதத் தொடங்கினேன்.

முதலாவதில் நான் செய்திருக்கக்கூடியது எதுவுமில்லை என்பது இரண்டு வரியில் தெளிவாகிவிட்டது. இரண்டாவதில் பாதித் தவறு என்னுடையது: அவருக்கு என்னென்ன தவணைகள் போகின்றன என்று முதல் நாளே கேட்காமல், விலை உயர்ந்த மாடலை அவர் மனத்தில் பதிய வைத்துவிட்டேன். மூன்றாவதை எழுதும்போதுதான் கை நின்றது. நான்கு முறையும் அந்தக் குடும்பத்தின் பெரியம்மா உடன் வந்திருந்தார். "தம்பி, இதுல ஏறுறது கொஞ்சம் உயரமா இருக்கே" என்று அவர் இரண்டு முறை சொன்னது நினைவுக்கு வந்தது. நானோ முன்னால் உட்கார்ந்திருந்த மகனிடம் இன்ஜின் சக்தியையும் மைலேஜையும் விளக்குவதிலேயே குறியாக இருந்தேன். உள்தளம் தாழ்ந்த, மூட்டுவலி உள்ளவர்கள் இலகுவாக உட்கார்ந்து எழக்கூடிய இன்னொரு மாடல் அதே ஷோரூமில், பத்தடி தள்ளி நின்றிருந்தது. ஒரு முறைகூட அதன் பின்கதவை அவருக்குத் திறந்து காட்டவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் கனத்த, இன்னதென்று சொல்ல முடியாத அந்தச் சோர்வைவிட இந்த வெட்கம் எவ்வளவோ மேல்.

அந்தக் குடும்பத்துக்கு வாழ்த்து மட்டும் அனுப்பினேன். ஏன் வாங்கவில்லை என்று அன்றே கேட்டிருந்தால், என் குரலில் மனத்தாங்கல் தெரிந்திருக்கும். பிறகு, முன்பு என்னிடம் கார் வாங்கிய இருவரை அழைத்து, வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன். அவர்களில் ஒருவருக்கு, கைப்பேசியைக் காரின் புளூடூத்தில் இணைக்கத் தெரியவில்லை. வாங்கிய நாளிலிருந்தே கேட்கத் தயங்கியிருக்கிறார். ஒவ்வொரு படியாகச் சொல்லி இணைத்துக் கொடுத்தபோது, என் குரல் பழைய நிலைக்குத் திரும்பியிருப்பதை உணர்ந்தேன்.

மறுநாள், கடன் மறுக்கப்பட்டவரிடம் தவணை விவரங்களைக் கேட்டு வாங்கி, விலை குறைந்த மாடலுக்கு, கூடுதல் முன்தொகையுடன் மீண்டும் விண்ணப்பித்தோம். வங்கி ஒப்புக்கொண்டது. அந்த மாதம் நான்கு கார்களோடு முடிந்தது, இலக்கில் சரிபாதி.

நான் தூக்கம் கெட்டு நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு நிறக் காரை, இரண்டு வாரம் கழித்து, டெஸ்ட் டிரைவ்கூடக் கேட்காமல் ஒருவர் வாங்கிச் சென்றார். விற்றவர் பக்கத்து மேசைக்காரர். அன்று எனக்கு விடுமுறை.