போர்டு பழசு, கார்டு புதுசு: எடிட்டிங் மெஷின் எதுவரை வந்திருக்கிறது

வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டரை மொத்தமாக மாற்றப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. பி450 மதர்போர்டும் 32 ஜிபி டிடிஆர்4 ராமும் அப்படியே இருக்கும், ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட் இந்த நாலு மட்டும் மாறுகிறது. எப்படிச் சுற்றி இங்கே வந்து நின்றேன் என்று எழுதி வைக்கிறேன், நம்ம திருநெல்வேலிப் பக்கம் இதே மாதிரி பட்டியல் போட்டுப் போட்டு அழிக்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு வேலை இரண்டு. நெல்லையப்பர் ஆனித் தேர், குற்றாலச் சாரல், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சோனி ஏ6700 கேமராவில் எடுத்ததை டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரில் வெட்டி ஒட்டுவது ஒன்று, ராத்திரி சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் கேம் இன்னொன்று. கேம் பழைய ரைசன் 5 2600 ப்ராசஸரிலேயே ஏதோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூச்சு வாங்கியது எடிட்டிங்கில்தான். பிளே அமுக்கினால் சத்தம் மட்டும் போகும், படம் நிற்கும், சத்தத்தில் தேர் நிலைக்கே வந்துவிடும், ஸ்கிரீனில் வாகையடி முக்கு தாண்டியிருக்காது.

அதனால் முதலில் பார்த்தது பாகங்களின் விலையை இல்லை, கேமரா எழுதுகிற ஃபைலை. இந்தக் கேமராவில் 4கே 25 ஃபிரேம் என்றால் எக்ஸ்ஏவிசி எஸ் என்கிற ஃபார்மட், அதாவது எச்.264 முறையில் சுருக்கிய வீடியோ. எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று எச்.265-ல் எடுக்க வேண்டுமென்றால் 50 ஃபிரேமுக்குப் போக வேண்டும், அதில் 25 கிடையாது. எதில் எடுத்தாலும் 10 பிட் 4:2:2-ல் (நிற விவரத்தைக் குறைவாகவே வெட்டுகிற முறை) வைத்துத்தான் எடுக்கிறேன், சீரியல் செட்டின் சிவப்பும் நீலமும் கலர் கிரேடிங்கில் ஓரம் பிசிறாமல் இருக்கும். வில்லங்கம் இந்த 4:2:2-தான். இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கிற கிராபிக்ஸ், 11-ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 4:2:2-ஐ ஹார்டுவேரிலேயே பிரித்து (டிகோட் செய்து) கொடுத்துவிடும். ஆனால் 14-ஆம் தலைமுறை வரைக்கும் எச்.264 4:2:2 அதற்கு ஆகாது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் 40 வரிசை வரை இரண்டுமே ஆகாது, 4090 வாங்கி வைத்தாலும் சுமை ப்ராசஸர் தலையில்தான் விழும். 2025-ல் வந்த 50 வரிசையில்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இது தெரிந்ததும் பட்டியல் தலைகீழாகிவிட்டது. அதுவரைக்கும் இன்டெல் ப்ராசஸர், புது போர்டு, டிடிஆர்5 என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 2025 கடைசியில் ராம் விலை ஏறின ஏற்றத்தில் அந்தக் கணக்கு எப்படியும் உதைத்தது. கார்டே ஃபைலைப் பிரித்துவிடும் என்றால் போர்டை ஏன் மாற்ற வேண்டும்?

பழைய போர்டிலேயே ஏறுகிற ரைசன் 5700எக்ஸ் ப்ராசஸர் போதும் என்று நினைத்தேன். சித்தப்பா மகனுக்கு இதில் சம்மதம் இல்லை. “அண்ணே, 5700எக்ஸ்3டி எங்கயாவது கிடைச்சா அதப் போடுங்க, கேமுக்கு அதுதாம்ணே” என்றான். “ஏல, கேமு ஒரு மணி நேரம், எடிட்டிங் ஒரு ராத்திரிலா” என்று சொல்லிவிட்டு சாதா 5700எக்ஸ்-ஐயே எடுத்தேன். எக்ஸ்3டி-யில் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) 96 எம்பி, இதில் 32தான், அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இது 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும், அது 4.1-ல் நின்றுவிடும். அதோடு இது 65 வாட், அது 105. நம்ம ஊர் வெயிலுக்கு அந்த 40 வாட் வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

கார்டு அந்த 50 வரிசையில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி மெமரி. 8 ஜிபி மாடல் விலை குறைவுதான், ஆனால் பழைய போர்டுக்கு அது ஆகாது. இந்தக் கார்டு போர்டோடு எட்டு லேனில்தான் (டேட்டா போகிற பாதை) பேசும், பி450-ல் அந்தப் பாதை பழைய பிசிஐஇ 3.0, நொடிக்கு 8 ஜிபி பக்கம்தான் போகும். கார்டுக்குள் இடம் இருக்கிற வரை அது தெரியாது. நிரம்பி வழிந்து மெயின் ராமுக்கு ஓட ஆரம்பித்தால் அந்தக் குறுகலான வழியில் எல்லாம் நின்று நின்று வரும். புது போர்டு வைத்திருப்பவர்கள் 8 ஜிபி-யை யோசிக்கலாம், நமக்கு வேண்டாம்.

வண்ணார்பேட்டைக் கடை அண்ணாச்சியிடம் ஆன்லைன் விலையைக் காட்டினேன். “இந்த வெலைக்கு என்னால தர முடியாது தம்பி, ஆனா கார்டுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்கிட்ட கொடுத்துட்டுப் போயிரலாம், நீங்க மெட்ராஸுக்கு அலைய வேண்டாம்” என்றார். கார்டும் எஸ்எம்பிஎஸ்-ஸும் அவரிடமே வாங்கினேன், பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லி. ப்ராசஸர் ஆன்லைன்.

பி450-ல் ரைசன் 5000 வரிசை ஏற்ற வேண்டுமென்றால் பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டை எழுப்புகிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்துவிட வேண்டும், கழற்றிய பிறகு வழி கிடையாது (சில போர்டுகளில் அதற்கென்று தனி பட்டன் இருக்கும், என்னுடையதில் இல்லை). பாதியில் கரண்ட் போனால் போர்டு போச்சு, அதனால் இன்வெர்ட்டர் முழுசாக சார்ஜ் ஏறின பிறகுதான் கை வைத்தேன். அடுத்தது கூலரைக் கழற்றுவது. ஏஎம்4 சாக்கெட்டில் (இந்த போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும், 1331. வருஷக்கணக்கில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தத் தடவுகிற பசை) கூலரையும் ப்ராசஸரையும் ஒட்டிப் பிடித்திருக்கும், நேரே மேலே இழுத்தால் லாக் போட்டிருந்தாலும் ப்ராசஸர் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். கொஞ்ச நேரம் ஒரு ரெண்டர் ஓட விட்டு சூடேற்றி, அணைத்து, வயரை உருவி, ஸ்க்ரூ நாலையும் எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிக்கொண்டே இருந்தேன். ‘சளக்’ என்று ஒரு சின்ன சத்தம், பிடி விட்டது. அந்தச் சத்தம் கேட்கிற வரை தூக்கவே கூடாது. 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது, டவர் கூலர் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் 650 வாட். கார்டு 180, மற்றது எல்லாம் சேர்த்து முழு வேகத்தில் 300 வாட் பக்கம்தான் வரும், 550 போதுமே என்று கேட்கலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கிற இடைவெளியை எஸ்எம்பிஎஸ்-க்குள் இருக்கிற கபாசிட்டர்தான் தாங்க வேண்டும், அது முழு லோடில் 16 மில்லி செகண்ட் பக்கம், பாதி லோடில் இன்னும் கூட. அதற்காகத்தான் பெரிசாக எடுத்தேன். இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கிற ஸ்விட்சும் யூபிஎஸ் மோடில் இருக்க வேண்டும், நார்மலில் மெதுவாக மாறும், ஃபேன் லைட்டுக்கு அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. யூபிஎஸ் மோடில் ஒரு சங்கடம் உண்டு, சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தாலே பேட்டரிக்குத் தாவிவிடும்.

எர்த் கதை தனி. பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவில் புறங்கை பட்டால் சுருசுருவென்று இருந்தது. எஸ்எம்பிஎஸ்-ஸின் ஃபில்டர் கபாசிட்டர்கள் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் பாடிக்குக் கசியும், எர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் 230-ல் பாதி பாடியிலேயே நிற்கும். எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்ட் லாம்பை ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸிலும் எர்த்திலும் வைத்தார், மின்மினி மாதிரி ஒரு மினுக்கு. புறவாசலில் குழியைத் தோண்டிப் பார்த்தால் மண் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. உப்பும் கரியும் புதிதாகப் போட்டுத் தண்ணீர் விட்டபின் சுருசுருப்பு நின்றது. சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் ஊற்றச் சொல்லியிருக்கிறார்.

கேபினெட் முன்பக்கம் முழுக்க வலை. கண்ணாடி முகப்பு பார்க்க அழகுதான், ஆனால் பாளையங்கோட்டையில் 40 டிகிரி தாண்டுகிற மே மாதத்தில் அந்த அழகை வைத்து என்ன செய்ய. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், புழுதிக்குச் சொல்ல வேண்டுமா, அதனால் உள்ளே இழுக்கிற ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று. உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் காற்று ஃபில்டர் வழியாகத்தான் வரும், சந்து பொந்து வழியாகப் புழுதியை உறிஞ்சாது.

இப்போது 25 ஃபிரேம் எச்.264 டைம்லைன் தடங்காமல் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் கார்டின் வீடியோ டிகோட் கோடு ஏறுகிறது, ப்ராசஸர் கோடு தரையில் கிடக்கிறது. ரிசால்வ் ஸ்டுடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறேன், இதற்கு அது வேண்டும். காசு ஒருமுறைதான், மாதச் சந்தா இல்லை.

எஸ்எஸ்டி-யைத் தொடவில்லை. 200 மெகாபிட்டில் எடுத்த 50 ஃபிரேம் ஃபைல் நொடிக்கு 25 எம்பி-தான் கேட்கும், இருக்கிற ஜென் 3 (பிசிஐஇ 3.0) டிரைவ் அதைப் போலப் பத்து ஃபைலைச் சேர்த்து ஓட்டினாலும் அசராது. ஆனால் மணிக்கு 90 ஜிபி தின்னும், அதனால் வேகம் வேண்டாம், இடம்தான் வேண்டும், பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று அடுத்த மாதச் சம்பளத்தில். மானிட்டர்தான் இன்னும் முடிவாகவில்லை. 27 இஞ்ச் 1440 (4கே-யை விடக் குறைந்த ரெசல்யூஷன்) என்றால் கேமுக்குக் கச்சிதம், 4கே என்றால் எடுத்ததை எடுத்தபடி பார்க்கலாம். 4கே-யில் இந்தக் கார்டு கேமுக்குத் திணறும், இப்போதைக்கு மனசு 1440 பக்கம் சாய்கிறது.