கணக்கில் வராத தண்ணீர்

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் மேசைக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. அலுவலக ஓட்டுநரின் தம்பிக்குக் கல்யாணம். மணமக்கள் பெயருக்குக் கீழே இரண்டு தொகைகள் அச்சாகியிருந்தன. 'சிங்கிள்' 50,000 ஷில்லிங், 'டபுள்' 1,00,000. கல்யாணத்துக்கு முன்பே கட்டிவிட வேண்டும். கட்டியவருக்குத்தான் விருந்துக்குச் சீட்டு. நான் திண்டிவனம் பக்கத்துக்காரன், மொய் எழுதிப் பழகிய கை. ஆனால் எங்கள் ஊரில் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் மொய்ப் பந்தல் பக்கம் போவோம். இவர்கள் இலை போடுவதற்கு முன்பே வசூலித்துவிடுகிறார்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சுவாஹிலியில் இதற்கு 'ம்ச்சாங்கோ' என்று பெயர். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூடக் கூரை என எல்லாவற்றுக்கும் ம்ச்சாங்கோ உண்டு.

எங்கள் நிறுவனம் சூரியகாந்தி எண்ணெய் ஆட்டி விற்பது. விதை டொடோமா, சிங்கிடா பகுதிகளிலிருந்து வரும். அறுவடை முடிந்ததும் ஜூன், ஜூலையில் கிபைக்வா பக்கத்துக் கொள்முதல் கிடங்கில் போய் உட்கார வேண்டியது என் வேலை. கிபைக்வா, மொரொகோரோவிலிருந்து டொடோமா போகும் நெடுஞ்சாலையில் உள்ள பெரிய தானியச் சந்தை. கொங்வா மாவட்டம். மழை டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் புழுதியும் பெருக்க (பாவோபாப்) மரங்களும்தான்.

கொங்வா என்ற பெயரை ஒரு கடலைக்காரன் மறக்கக் கூடாது. போருக்குப் பின் பிரிட்டனில் சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த அரசு 1947இல் இங்கேதான் பிரம்மாண்டமான நிலக்கடலைத் திட்டத்தைத் தொடங்கியது. பழைய ராணுவ டிராக்டர்கள் வந்தன, பெருக்க மரங்களின் வேரில் முட்டி உடைந்தன. மண்ணோ களிமண். மழை நின்றதும் சுட்ட செங்கல்போல இறுகி, காய்த்த கடலையையும் பிடுங்க விடவில்லை. சுமார் 3 கோடியே 60 லட்சம் பவுண்டு கரைந்தபின் 1951இல் கைவிட்டார்கள். நிலக்கடலையை எங்கள் ஊரில் மல்லாட்டை என்போம். இறுகிய மண்ணில் மல்லாட்டை பிடுங்க முடியாது என்பதை அங்கே பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும். இந்தக் கதையைக் கிடங்குக் காவலாளி சொல்லக் கேட்டுச் சிரித்தேன். அடுத்த ஆண்டே நானும் அதே மாதிரி ஒரு காரியம் செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

கிடங்கிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளி. ஓய்வு நாள்களில் அங்கே போய் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவேன். நான் நுழைந்ததும் வகுப்பே எழுந்து 'ஷிகமோ' என்று நீட்டி முழங்கும். பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் நாள் நானும் திருப்பி 'ஷிகமோ' என்றேன். குழந்தைகளுக்குப் பெரியவர் வணக்கம் வைத்த விந்தையைப் பார்த்துப் பின்வரிசை மேசைமேல் விழுந்து சிரித்தது. மூவர் உட்காரும் பலகையில் ஐந்து பேர். 2016 ஜனவரியில் பள்ளிகளின் கட்டாய வசூல் ஒழிக்கப்பட்ட பிறகு முதல் வகுப்பு நிரம்பி வழிகிறது என்றார் தலைமையாசிரியர்.

எனக்கு உடனே உதவி செய்தாக வேண்டும் என்ற அரிப்பு. தார் எஸ் சலாமில் இருக்கும் தமிழ் நண்பர்களிடம் சொன்னேன், பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் மூன்று பெட்டி சேர்ந்தன. விதை லாரி காலியாகத் திரும்பும்போது அதில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினேன். பாட்டுப் பாடினார்கள், படம் எடுத்துக்கொண்டோம். மறு ஆண்டு போனால் புத்தகங்கள் பூட்டிய அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் இருக்கின்றன. தான்சானியாவில் அரசு ஆரம்பப் பள்ளி பெரும்பாலும் சுவாஹிலியில் நடக்கிறது; உயர்நிலைப் பள்ளிக்குப் போனால்தான் ஆங்கிலவழி. அங்கே வாரந்தோறும் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாதா? தெரியும். நானே தட்டுத்தடுமாறிச் சுவாஹிலியில்தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் புத்தகம் என்றால் ஆங்கிலம் என்று மனம் எங்கோ முடிவு செய்து வைத்திருந்தது.

"சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். தலைமையாசிரியர் என்னைப் பள்ளிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோனார். கூரையில்லாத நான்கு சுவர்கள். ஊரார் தாங்களே செங்கல் அறுத்துச் சுட்டு, லிண்டல் மட்டம் வரை எழுப்பிய கட்டடம், 'போமா' என்கிறார்கள். ஊர் சுவரை எழுப்பும், கூரையை அரசு போடும் என்பது நாடு முழுக்க நடக்கும் ஏற்பாடு. அரசின் முறை வர நாளாகும். இரண்டு மழைக்காலம் இந்தச் சுவர்களை அரித்திருந்தது.

அது வகுப்பறை இல்லை. ஆசிரியர் வீடு.

இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடையாது. நியமனமாகி வந்த இரண்டு ஆசிரியர்கள் ஓராண்டுக்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த இளம் ஆசிரியை கிபைக்வாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் வந்து போனார். மழை நாளில் அந்த வண்டி வராது, அவர் எடுக்கும் மூன்று வகுப்புகளும் நடக்காது. வகுப்பறை கட்டித் தந்தால் அதில் நிற்பதற்கு யார் வருவார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார்.

தகரம், மரம், சிமென்ட், கதவு, ஆணி, கொத்தனார் கூலி என்று பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். புத்தகத்துக்கு ஓடி வந்தவர்கள் இதற்கு யோசித்தார்கள். "வாத்தியாருக்கு வீடா? அவர் சம்பளம் வாங்குகிறவர்தானே?" என்றார் ஒருவர். இன்னொருவர் பெரிய தொகை தரத் தயார், ஆனால் வகுப்பறை என்றால்தான். சுவரில் தன் தாயார் பெயர் வர வேண்டும். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள்தானே நாம். நான் அவரை எதிர்த்துப் பேசவில்லை. வீட்டு வாசலில் ஒரு சிறு பலகை வைக்கலாம் என்று சமாதானம் பேசி வாங்கிவிட்டேன். நன்கொடை கேட்பவன் வாயில் எவ்வளவு தேன் ஊறும் என்பது கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். பொங்கல் அன்று வாடகை மண்டபத்தில் இட்லிக் கடை போட்டோம், அலுவலகத்தில் ஓர் அட்டை சுற்றுக்கு விட்டோம். தான்சானிய சக ஊழியர்கள் யாரும் ஆசிரியருக்கு எதற்கு வீடு என்று கேட்கவில்லை. கிராமத்தில் படித்தவர்கள். எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாகச் சத்தமில்லாமல் பணம் அனுப்பினார்கள்.

பணத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கப் போனால் கையை உதறினார். கட்டாய வசூல் ஒழிந்த பிறகும் பள்ளியில் காசு வசூலித்தார் என்ற பேச்சு வந்தால் வேலைக்கே ஆபத்து என்று அவருக்குப் பயம். எல்லாம் கிராமக் குழு வழியாகவே போக வேண்டும். குழுவின் பொருளாளர் ஓர் அம்மாள். சந்தையில் சோளம் விற்பவர். நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றில் கணக்கு. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஆடிட்டர் மெல்லச் சிரித்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செப்டம்பரில் தொடங்கி மழைக்கு முன் கூரை ஏறிவிட்டது. கட்டிய கதை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; கொத்தனார் ஒரு வாரம் காணாமல் போனார், எல்லா ஊரிலும் போவதுபோல.

கிராமசபைக் கூட்டத்தில் வரவு செலவை வாசிப்பது அங்கே சட்டப்படியான வழக்கம். "ம்ஹசிபு வாசிக்கட்டும்" என்றார்கள். ம்ஹசிபு என்றால் கணக்காளர். மரத்தடியில் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, அச்சிட்ட தாளை எடுத்து என் உடைந்த சுவாஹிலியில் வாசித்தேன். வரவு இன்னார் இன்னார், செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு, ஷில்லிங் பிசகாது. முடித்ததும் ஒரு மூதாட்டி எழுந்தார். ஆணி ஏன் இவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பார் என நினைத்து ரசீதைத் தயாராக எடுத்தேன்.

"தண்ணீர் எங்கே?" என்றார்.

புரியவில்லை. மறுபடி மெதுவாகச் சொன்னார். காய்ந்த காலத்தில் கிணற்றிலிருந்து இருபது லிட்டர் வாளிகளில் தலைச்சுமையாகத் தண்ணீர் கொண்டுவந்தோம். கலவைக்கு, செங்கல் நனைக்க, பூச்சு காயாமல் இருக்க. உங்கள் தாளில் சிமென்ட் இருக்கிறது, தகரம் இருக்கிறது. தண்ணீர் இல்லாமலா சிமென்ட் குழைந்தது?

கூட்டம் சிரித்தது. நான் ரசீதை மடித்துப் பையில் வைத்தேன். பொருளாளர் அம்மாள் தன் நாற்பது பக்க நோட்டைப் பிரித்து என் கையில் கொடுத்தார். குடும்பம் குடும்பமாகப் பெயர், எதிரே வாளிக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு. மணல், கல், கையாள் வேலை நாள்கள் எல்லாம் தனித்தனிப் பக்கத்தில். ஊரார் பங்கு என்று இதைத் தொகையாக்கிக் காட்டும் வழக்கம் அரசுக் கணக்கிலேயே உண்டு என்றார் கிராம அலுவலர். எனக்குத்தான் அப்படி ஒரு தலைப்பு தோன்றவே இல்லை.

அன்றிரவு கிடங்கில் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். கிபைக்வாவில் சைக்கிளில் தண்ணீர் விற்பவர் கேனுக்கு வாங்கும் விலையையே வாளிக்கு வைத்தேன். கையாளுக்குச் சந்தைக் கூலி. செங்கல்லுக்குச் சூளை விலை. கூட்டிப் பார்த்தால் ஊராரின் பங்கு எங்கள் பங்கைவிடக் கூடுதல். இரண்டு முறை கூட்டினேன்.

புதிய தாளைத்தான் நன்கொடையாளர்களுக்கும் அனுப்பினேன். பலர் கட்டைவிரல் படம் போட்டார்கள். பெரிய தொகை தந்தவர் தொலைபேசியில் அழைத்து, "அப்படியானால் நாம் கொடுத்தது பாதிகூட இல்லையா?" என்றார், ஏமாற்றப்பட்டவர் குரலில். இல்லை என்றேன். அடுத்த ஆண்டு அவர் தரவில்லை.

ஆசிரியை டிசம்பரில் குடிவந்தார். ஆங்கிலப் புத்தகங்களை அவரே பேசி, வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பினார்.

மறு ஜூனில் கிடங்குக்குப் போனபோது பொருளாளர் அம்மாள் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் அட்டை. மகளுக்குக் கல்யாணம். "உங்கள் வீட்டம்மா இந்தியாவில் இருக்கிறார் என்று தெரியும். இருந்தாலும் டபுள் என்றே எழுதியிருக்கிறேன்" என்றார். பணத்தைக் கொடுத்தேன். நோட்டில் என் பெயருக்கு எதிரே தொகையை எழுதி, சரியாக இருக்கிறதா பார் என்று என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.